நைகாவிலிருந்து ஹடப்சர் வரை

முதல் நாள், ரயிலில்

அரையாண்டு விடுமுறை விட்ட மறுநாளே கிளம்பிவிட்டோம், நானும் அத்தையும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புனேவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் "அங்க யாரைப் பார்க்க?" என்று கேட்டார். சாவித்திரிபாய் புலே என்றேன். "பிளேக் வந்தப்போ இறந்துபோனாங்களே, அந்த டீச்சரம்மாவா? நானும் வரேன்" என்று பையை எடுத்துவிட்டார். சாவித்திரிபாய் என்றால் எல்லோருக்கும் முதலில் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும், அத்தைக்கு பிளேக் வந்திருக்கிறது. அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 3 அன்று, அவர் பிறந்த நாளில், பள்ளியில் படம் வைத்துப் பேசுவோம். 1831-ல் பிறந்தார், 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார், போகிற வழியில் சாணியை வீசினார்கள், மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போனார் என்று வழக்கமாகச் சொல்வதை நானும் சொல்லி முடித்தேன். அவள் எழுந்து "அவங்களுக்கு அம்மா, அண்ணன், பிள்ளைங்க எல்லாம் யாரும் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். தத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார் என்று சொல்லி உட்கார வைத்தேன், அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. இருபது வருஷமாக ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்ததே இல்லை. அதன்பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இப்போது குண்டக்கல் தாண்டியாயிற்று. கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் தீர்ந்தது. நாளைக் காலை சோலாப்பூர், அப்புறம் புனே.

இரண்டாம் நாள், புனே

அறையில் பையை வைத்துவிட்டு நேராக புதவார் பேட்டைக்குப் போனோம். தக்டுசேட் கணபதி கோயில் இருக்கிற தெரு, பூக்கடையும் தேங்காய்க்கடையுமாக நெரிசல். கோயிலுக்கு எதிரே கிட்டத்தட்ட நேராக இருந்தது பிடே வாடா. வாடா என்பது நடுவில் முற்றம் விட்டுக் கட்டுகிற பழைய மராட்டிய வீடு, நம் ஊர் தொட்டிக்கட்டு வீடு மாதிரி. தாத்யாசாகேப் பிடே என்பவர் தன் வீட்டில் இடம் கொடுத்தார், 1848-ல் அங்கேதான் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. சாவித்திரிபாய்க்கு அப்போது 17 வயது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷம் இடிந்து கிடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 டிசம்பரில் மிச்சத்தையும் இடித்தார்கள். அந்த இடத்தில் நினைவகம் வரப்போகிறது. இடிக்காமல் காப்பாற்றும் நிலையில் அது இருந்திருக்காது என்று எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த நிலைமைக்கு வரும்வரை அத்தனை வருஷம் விட்டுவைத்ததை என்னால் சரி என்று ஏற்க முடியவில்லை. ஒரு ஜன்னல், ஒரு மரத்தூண், ஒரு படிக்கட்டாவது பார்க்கலாம் என்று பல வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும்.

அத்தை சாமி கும்பிட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் அங்கேயே தேநீர் குடித்தோம். இங்கே சின்னத் தேநீர்க்கடைகளை அம்ருத்துல்யா என்கிறார்கள், ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்டு, கொஞ்சமாக, நல்ல சூட்டில். நாளை அவர் பிறந்த ஊரான நைகாவ்.

மூன்றாம் நாள், நைகாவ்

சுவார்கேட் நிலையத்தில் காலையில் சாத்தாரா பஸ் ஏறினோம். காத்ரஜ் சுரங்கம் தாண்டியதும் ஊர் விட்டு மலையும் வயலுமாக மாறுகிறது, சரோலாவில் நீரா ஆற்றைக் கடந்தால் சாத்தாரா மாவட்டம். சிர்வலில் இறங்கினோம். அங்கிருந்து நைகாவுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், அத்தைக்கு முன் சீட், நான் பின்னால் இரண்டு கேன் பாலுக்கு நடுவில்.

சிர்வல் சந்தைக்கு ஒரு கதை உண்டு. சிறுமி சாவித்திரி இந்தச் சந்தையில் தின்பண்டத்தைக் கடித்துக்கொண்டே நடந்து போனாளாம், ஒரு பாதிரியார் நிறுத்தி, இப்படி நடந்துகொண்டே தின்னக் கூடாது என்று சொல்லி, கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தாராம். எழுத்து தெரியாத பிள்ளை அந்தப் புத்தகத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமாகிப் போகும்போது கூடவே கொண்டு போனாள் என்று சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, ஊர்க்காரர்கள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசவில்லை.

பிறந்த வீட்டைச் சீரமைத்து நினைவகமாக்கியிருக்கிறார்கள். அப்பா கண்டோஜி நேவசே, ஊருக்குப் பாட்டீல், அதாவது மணியக்காரர் மாதிரி. கல்சுவர், மரத்தூண், தாழ்ந்த நிலைவாசல், நான் குனிந்துதான் உள்ளே போனேன். உள்ளே அவர் வாழ்க்கையைக் காட்டும் படங்கள். ஓர் ஓரத்தில் திருகை. கைப்பிடி படும் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது அந்தக் காலத்துத் திருகைதானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் கல்யாணம் முடித்து அனுப்பிய வீட்டில் அவருக்குப் பழகியிருந்த வேலை என்று ஒன்றைச் சொன்னால் இதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை ஜோதிராவுக்கு 13.

நான் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணம் பிறந்தது அல்ல, திரும்பி வந்தது. 1856-ல் உடம்பு சரியில்லாமல் சாவித்திரிபாய் அம்மா வீட்டுக்கு வந்து தங்கினார். அக்டோபர் 10 அன்று இங்கிருந்து கணவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. சகோதரன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டான், இப்போது தேவலை என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் அதே சகோதரன் கேட்டதை எழுதுகிறார். நீயும் உன் புருஷனும் மகார், மாங்கு (தீண்டத்தகாதவர்கள் என்று அங்கே ஒதுக்கிவைத்த சாதிகள்) பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், உங்களை ஒதுக்கிவைத்தது சரிதான், சாதி வழக்கப்படி நடந்துகொள் என்கிறான் அவன். இவர் விடவில்லை. ஆட்டையும் மாட்டையும் கொஞ்சுகிறாய், நாக பஞ்சமிக்குப் பாம்புக்குப் பால் வைக்கிறாய், இவர்களும் உன்னைப் போல மனுஷர்கள், இவர்களைத் தொட்டால் மட்டும் தீட்டா என்று கேட்கிறார். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நோயில் பார்த்துக்கொண்ட சகோதரனோடு, அம்மா எதிரே இந்தச் சண்டை. எந்த வீட்டில் இது நடக்கவில்லை? சாணி வீசினவன் யாரென்றே தெரியாது, அதைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். கூடப் பிறந்தவனிடம் இதைப் பேசுவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது, சொந்த அனுபவத்திலும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி. நான் இங்கே இருப்பதால் பாத்திமாவுக்குத்தான் வேலை அதிகம், ஆனாலும் அவள் முணுமுணுக்க மாட்டாள் என்கிறார். பாத்திமா ஷேக், கூட வேலை செய்த ஆசிரியை. பள்ளி நடத்தியதற்காக 1849-ல் மாமனார் கோவிந்தராவ் இவர்களை வீட்டை விட்டு அனுப்பியபோது இடம் கொடுத்தது பாத்திமாவின் அண்ணன் உஸ்மான் ஷேக். நான் மருத்துவ விடுப்பில் இருந்தபோது என் வகுப்பையும் சேர்த்து எடுத்த தோழியை நினைத்துக்கொண்டேன். ஆசிரியர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

1868 ஆகஸ்டிலும் இதே ஊரிலிருந்து ஒரு கடிதம். கணேஷ் என்ற பிராமண இளைஞன், பஞ்சாங்கம் பார்த்துப் பிழைப்பவன். சார்ஜா என்ற மகார் பெண்ணோடு பழகி, அவள் கர்ப்பமாகிவிட்டாள். ஊர் திரண்டு இருவரையும் அடித்துக்கொண்டே தெருவில் இழுத்துப் போகிறார்கள், கொன்றுவிடுவது என்று முடிவு. சாவித்திரிபாய் ஓடிப்போய் நடுவில் நின்று, கொலை செய்தால் ஆங்கிலேயர் சட்டம் உங்களை என்ன செய்யும் தெரியுமா என்று பயமுறுத்தி இரண்டு உயிரையும் மீட்கிறார். இருவரையும் உங்களிடம் அனுப்புகிறேன் என்று கணவருக்கு எழுதுகிறார். படித்தபோது தருமபுரி, திருநெல்வேலி என்று நம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக மனதில் வந்தன. அந்தத் தெருக்களில் யாரும் நடுவில் ஓடிவரவில்லை.

பகலுக்கு ஒரு வீட்டில் சோள ரொட்டியும் பிட்லாவும் கிடைத்தது, பிட்லா என்றால் கடலை மாவைக் கரைத்துத் தாளித்துக் கிண்டியது. பச்சை மிளகாயும் பூண்டும் நசுக்கின தேச்சா தொட்டுக்க. அத்தை இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மாலை பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் நின்றோம், டிசம்பர் குளிர் நன்றாகவே இருந்தது.

நான்காம் நாள், கஞ்ச் பேட்டை

காலையில் விசிராம்பாக் வாடாவை வெளியே நின்று பார்த்தோம். புனேயை ஆண்ட பேஷ்வாக்களின் மாளிகை, 1852 நவம்பரில் இங்கே வைத்துத்தான் கல்விப் பணிக்காக அரசாங்கம் புலே தம்பதிக்கு மரியாதை செய்தது. அங்கிருந்து மண்டை சந்தை வழியாக நடந்தோம். கோபுரம் வைத்த கல் கட்டடம், எண்கோணமாகக் காய்கறிக் கடைகள். இதற்கு இப்போது மகாத்மா புலே மண்டை என்று பெயர். கட்டுவதற்கு இவ்வளவு செலவு வேண்டாம், பணத்தைப் படிப்புக்குக் கொடுங்கள் என்று நகராட்சியில் உறுப்பினராக இருந்து எதிர்த்தவர் ஜோதிராவ். அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களுக்கும் அந்த அளவு செலவழித்திருப்பார்கள் என்று நம்ப ஆசை.

கஞ்ச் பேட்டையில் புலே வாடா. பெரிய வீடு இல்லை. ஓடு வேய்ந்த தாழ்வாரம், சின்னச் சின்ன அறைகள், சுவர்களில் படங்கள், ஒரு கிணறு, தோட்டம். புலேக்களின் பழைய குடும்பப் பெயர் கோர்ஹே, ஊர் சாத்தாரா பக்கம் கட்குன். பேஷ்வாக்களுக்குப் பூ கட்டிக் கொடுத்ததால் புலே ஆனார்கள். ஜோதிராவுக்கு ஒரு வயது இருக்கும்போதே அம்மா சிம்னாபாய் இறந்துவிட்டார், அவரை வளர்த்தது உறவினரான சகுணாபாய் க்ஷீர்சாகர். ஆங்கிலேயர் ஒருவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர், அங்கேயே ஆங்கிலம் பழகியவர். ஜோதிராவ் மனைவிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது சகுணாபாயும் கூடவே உட்கார்ந்து படித்தார் என்பதைச் சொன்னதும் அத்தை "மாமியார் மாதிரி இருக்கவங்களும் மருமகளும் ஒண்ணா அ ஆ எழுதினாங்களா" என்று அசந்துபோய்விட்டார். சகுணாபாயின் பெயர் நம் பாடப் பேச்சில் வருவதே இல்லை. என் பேச்சிலும்தான்.

முற்றத்தில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தோம். 1863-ல் இந்த வீட்டில்தான் விதவைகளுக்குப் பிரசவம் பார்த்தார்கள். சின்ன வயதில் கணவனை இழந்தவர்கள், வீட்டு ஆண்களாலேயே கெடுக்கப்பட்டவர்கள் பலர். வெளியே தெரிந்தால் தலைமொட்டையோடு தெருவுக்குத் துரத்துவார்கள், அதனால் குழந்தையைக் கொன்று போட்டார்கள், இல்லை தாமே கிணற்றில் விழுந்தார்கள். இங்கே வந்து ரகசியமாகப் பெற்றுக்கொள்ளுங்கள், குழந்தையை எடுத்துப் போவதும் விட்டுப் போவதும் உங்கள் விருப்பம் என்று அறிவித்தார்கள். "சூதகம், துணி, அலசல் எல்லாம் யார் பார்த்திருப்பாங்க?" என்று அத்தை கேட்டார். சாவித்திரிபாய்தான். பிரசவ வார்டில் இருந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். நான் இத்தனை நாளும் 'இல்லம் நடத்தினார்' என்ற இரண்டு சொல்லில் கடந்து போயிருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் காசிபாய், பிராமண விதவை. அவர் பெற்ற மகன்தான் யஷ்வந்த். 1874-ல் அந்தக் குழந்தையைத் தத்தெடுத்தார்கள், படித்து டாக்டரானான். ஆனால் விதவைக்குப் பிறந்தவன் என்று யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் ஜோதிராவ் தொடங்கிய சீர்திருத்தச் சங்கமான சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த சசானே குடும்பம் தங்கள் மகள் ராதாவைக் கொடுத்தது, 1889 பிப்ரவரியில் புரோகிதர் இல்லாமல் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே ராதாவை வீட்டில் கொண்டுவந்து தங்கவைத்து, பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டார் சாவித்திரிபாய், ராதா படிப்பதற்காக வீட்டு வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

தோட்டத்தில் துளசி மாடம் போல ஒரு சமாதி, ஜோதிராவின் அஸ்தி வைத்த இடம். உப்பில் அடக்கம் செய்யுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார், நகராட்சி அனுமதிக்கவில்லை, எரித்தார்கள். 1890 நவம்பர் 28. சாவில் கொள்ளிச் சட்டி தூக்குவது யார் என்று பங்காளிகள் தகராறு செய்தார்கள், தத்துப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்பது வாதம். சாவித்திரிபாய் எழுந்துவந்து சட்டியைத் தானே வாங்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார், கொள்ளியும் வைத்தார். அவருக்கு அப்போது 59 வயது. எங்கள் அப்பா சாவில் அத்தையை வாசலோடு நிறுத்திவிட்டார்கள், பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று. அது 2011-ல். அந்தத் துளசி மாடத்தின் முன்னால் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நான் தள்ளி நின்றுகொண்டேன், எதுவும் பேசவில்லை.

ஐந்தாம் நாள், முண்ட்வா, ஹடப்சர்

கணவர் போன பிறகு ஏழு வருஷம் இருந்தார். அந்த ஏழு வருஷத்தை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். சமாஜத்தை அவர்தான் நடத்தினார், 1893-ல் சாஸ்வட்டில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1895-ல் மருமகள் ராதா இறந்துபோனார். இரண்டே வருஷத்தில் பிளேக்.

முண்ட்வாவில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். 1896-ல் பம்பாயில் தொடங்கிய நோய் 1897 தொடக்கத்தில் புனேயில் கொத்துக் கொத்தாகக் கொன்றது. யஷ்வந்த் ராணுவத்தில் மருத்துவராக இருந்தார், அம்மா வரச் சொன்னார் என்று விடுப்பில் வந்து, ஹடப்சரில் சசானேக்களின் தோட்டத்தில், ஊருக்கு வெளியே, நோயாளிகளுக்கு இடம் போட்டார். முண்ட்வாவுக்கு வெளியே மகார் குடியிருப்பில் கெய்க்வாட் வீட்டுப் பையன் ஒருவன் நோயில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு சாவித்திரிபாய் போனார், அவனை முதுகில் சுமந்துகொண்டு ஹடப்சர் வந்து சேர்ந்தார். 66 வயது.

அந்த வழி முழுக்க இப்போது மகர்பட்டாவின் ஐடி கட்டடங்கள், மேம்பாலம், நெரிசல். எங்கள் ஆட்டோ அரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தது. அத்தை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், பாதி வழியில் பேச ஆரம்பித்தார். "பிளேக்ல அக்குள்லயும் தொடை இடுக்குலயும் நெறி கட்டும், தொட்டாலே கத்துவாங்க. அந்தப் புள்ளைய முதுகுல ஏத்தணும்னா காலை அகட்டித்தானே பிடிச்சிருக்கணும். எவ்ளோ வலிச்சிருக்கும். நிறுத்தி நிறுத்தித்தான் வந்திருப்பாங்க. அவன் மூச்சு இவங்க கழுத்துலதான் பட்டுக்கிட்டே இருந்திருக்கும்." கொஞ்சம் கழித்து, "தெரியாம தொட்டு வந்த நோய் இல்லடி. அவங்க டாக்டரோட அம்மா, தெரிஞ்சேதான் தூக்கினாங்க."

1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் இறந்தார். பையன் பிழைத்துக்கொண்டான் என்று இங்கே சொல்கிறார்கள்.

சசானே நகர் என்று இப்போதும் பெயர் இருக்கிறது. ரயில்வே கேட் அருகே இறங்கி நடந்தோம், அடுக்கு வீடுகள், மருந்துக்கடை, டியூஷன் சென்டர் போர்டுகள். கேட் மூடி ரயில் போகிற வரை நின்றோம். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நாலைந்து பெண் பிள்ளைகள் சைக்கிளோடு நின்று ஏதோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், மராட்டி எனக்குப் புரியவில்லை, கணக்கு நோட்டு யாரிடமோ இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

யஷ்வந்த் 1903-ல் சந்திரபாகாவை மணந்தார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1905-ல் அவரும் போய்விட்டார், அதன்பின் குடும்பம் வறுமையில் விழுந்து, கஞ்ச் பேட்டை வீடும் கைமாறியது.

ராத்திரி, திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்காக நோட்டில் குடும்ப மரம் வரைந்து பார்த்தேன். கண்டோஜி, சகோதரன், கோவிந்தராவ், சகுணாபாய், பாத்திமா, உஸ்மான், காசிபாய், யஷ்வந்த், ராதா, சந்திரபாகா. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மேலிருந்து கீழே கோடு போட்டால் நாலைந்து பேர்தான் அதில் நிற்கிறார்கள், மற்றவர்களை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "தூக்கிட்டு வந்தாங்களே, அந்தப் பையனையும் போடு" என்றார். ஓரத்தில் எழுதியிருக்கிறேன். டவுண்டில் வண்டி நிற்கிறது, தேநீர் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கினவர் இன்னும் ஏறவில்லை, போய்ப் பார்க்கிறேன்.